10 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஆன்டெனாவை ட்ரோன் கொண்டு அளக்கும் முறை

டிஷ் ஆன்டெனாவில், குவியத்தில் அலையை வாங்கும் சிறு ஆன்டெனாவான ஃபீடைப் பொருத்தி, எதிர்முனையில் இருக்கும் நண்பரின் சிக்னல் தெளிவாகக் கேட்டுவிட்டால், அது சரியாக வேலை செய்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். ஃபீட் குவியப் புள்ளியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் சிக்னல் கேட்கத்தான் செய்யும். ஆனால் 2 டெசிபெல் காணாமல் போயிருக்கும், ஆன்டெனா கூர்ந்து கேட்கும் திசையான கற்றை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், பக்கக் கற்றைகள் தேவையற்ற திசைகளிலிருந்து இரைச்சலை அள்ளிக்கொண்டிருக்கும். இவற்றைக் காதால் அறிய முடியாது, அளந்துதான் அறிய வேண்டும். முன்பு இதற்கு எதிரொலியற்ற அறையோ எதிரெதிரே இரண்டு கோபுரங்களோ வேண்டியிருந்தன. இன்று ஒரு நடுத்தர ட்ரோன் அந்த இரண்டாவது கோபுரத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. டென்மார்க்கின் குவாட்சாட் நிறுவனம் செயற்கைக்கோள் தரைநிலைய ஆன்டெனாக்களை இந்த முறையில் அளப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது. அதே கொள்கையில், அமெச்சூர் வானொலியாளர் ஒருவர் தம் கைவசமுள்ள கருவிகளைக் கொண்டு 10.368 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 90 செ.மீ. ஆஃப்செட் டிஷ் (ஃபீட் நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் அமைந்த டிஷ்) ஒன்றை எவ்வாறு அளக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ட்ரோன் எந்தக் கணத்தில் எங்கே இருந்தது, அப்போது அதிலிருந்து எவ்வளவு திறன் டிஷ்ஷை நோக்கி வந்தது என்ற இரண்டும் தெரிந்த அளவுக்குத்தான் ஆன்டெனாவைப் பற்றி நமக்குத் தெரியும். இந்த வேலையில் செலவாகும் உழைப்பின் பெரும்பகுதி அந்த இரண்டையும் உறுதிசெய்வதற்கே போகும். அப்படிப் போவதுதான் முறை.

தூரமும் உயரமும்

ஆன்டெனாவை அதன் தொலைப்புலத்தில், அதாவது அலைமுகம் ஏறத்தாழத் தட்டையாக வந்து சேரும் தூரத்தில், அளக்க வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது அதற்கான குறைந்தபட்சத் தூரம். 10.368 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.89 செ.மீ. ஆகவே 90 செ.மீ. டிஷ்ஷுக்கு 56 மீட்டர் வேண்டும், 60 செ.மீ. டிஷ்ஷுக்கு 25 மீட்டர் போதும், 1.2 மீட்டருக்கு 100 மீட்டர், 2.4 மீட்டருக்கு ஏறக்குறைய 400 மீட்டர். இந்த விதிப்படி நின்றாலும் டிஷ்ஷின் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே 22.5 டிகிரி கட்டப் பிழை (ஃபேஸ் வேறுபாடு) எஞ்சியிருக்கும்; கற்றைகளுக்கு இடையிலான பள்ளங்கள் அதனால் சற்றே தூர்ந்து தெரியும். எனவே எல்லைக்கோட்டில் நிற்காமல் 80 மீட்டரை எடுத்துக்கொள்வோம்.

உயரத்தைத் தீர்மானிப்பது தரைப் பிரதிபலிப்பு. ட்ரோனிலிருந்து நேராக வரும் அலையுடன், தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் டிஷ்ஷை அடைகிறது. நேரலையைவிட 20 டெசிபெல் குறைந்த தெறிப்பலைகூட அளவீட்டை ஏறக்குறைய 0.9 டெசிபெல் மேலும் கீழும் ஆட்டும். 40 டெசிபெல் குறைந்திருந்தால் ஆட்டம் 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். மொட்டைமாடியிலிருந்து எதிர் மாடிக்குக் கிடைமட்டமாக அளக்கும்போது இரண்டு அலைகளும் ஏறத்தாழ ஒரே திசையிலிருந்து வருவதால் டிஷ்ஷால் அவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை. ட்ரோனை 25 டிகிரி ஏற்றக் கோணத்தில், அதாவது தரையில் 72.5 மீட்டர் தள்ளியும் டிஷ்ஷைவிட 34 மீட்டர் உயரத்திலும் நிறுத்தினால், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள டிஷ்ஷுக்குத் தெறிப்பலை கீழிருந்து 27 டிகிரியில் வரும். இரண்டுக்கும் இடையே 52 டிகிரி இருப்பதால், பிரதானக் கற்றையைப் பொறுத்தவரை தெறிப்பலை அநேகமாக மறைந்துவிடுகிறது. ட்ரோன் நமக்குத் தரும் மிகப் பெரிய நன்மை இதுதான் என்பேன்.

25 டிகிரியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஃப்செட் டிஷ்ஷின் கற்றை, அதன் முகம் பார்க்கும் திசையில் போவதில்லை. பல டிஷ்களில் அது முகத்தைவிட 22 முதல் 26 டிகிரி மேல்நோக்கிச் செல்கிறது. ஆகவே டிஷ்ஷின் முகம் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும்போது கற்றை ட்ரோனை நோக்கியிருக்கும். சாதாரணக் குழாய்க் கம்பத்தில் பொருத்தி நீர்மட்டம் வைத்துச் சரிபார்க்க இது மிகவும் வசதியானது.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. அரசின் மண்டல வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைப் பறக்கும் நாளன்றே மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரோனிலிருந்து ஒலிபரப்பும் அதிர்வெண் உங்கள் அமெச்சூர் உரிமத்தில் அடங்கியிருக்க வேண்டும். பறக்கும் பாதைக்குக் கீழே ஆட்கள் நடமாடாத திடலாகவும் இருக்க வேண்டும்.

ட்ரோனில் ஏற்றும் சிக்னல் மூலம்

பெரிய டிரான்ஸ்மிட்டர் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. 80 மீட்டரில் வெற்றுவெளி இழப்பு 91 டெசிபெல். மூலத்தின் திறன் ஒரு மைக்ரோவாட், அதாவது மைனஸ் 30 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைவிட 30 டெசிபெல் குறைவு). அதன் சிறு ஆன்டெனாவின் ஈட்டம் (கெயின்) 6 டெசிபெல். டிஷ்ஷின் ஈட்டம் 37 டெசிபெல். ரிசீவரின் வாயிலில் கிடைப்பது மைனஸ் 78 டிபிஎம். ஒரு கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் நல்ல எல்என்பி (ஃபீடில் வரும் சிக்னலைப் பெருக்கி, குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றித் தரும் கருவி) ஒன்றின் இரைச்சல் மட்டம் மைனஸ் 143 டிபிஎம் அளவில்தான் இருக்கும். ஆக, ஒரு மைக்ரோவாட்டுக்கே 65 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. இதற்கு மேல் திறனைக் கூட்டினால், டிஷ் நேராகப் பார்க்கும் கணத்தில் ரிசீவர் திணறி, கற்றையின் உச்சி தட்டையாகிவிடும்.

வேண்டிய அதிர்வெண்ணை உருவாக்கித் தரும், மலிவாகக் கிடைக்கும் ஏடிஎஃப் 4351 சின்தசைசர் பலகை இதற்குப் போதும். அது 4.4 கிகாஹெர்ட்ஸ் வரைதான் இயங்கும் என்றாலும், 3.456 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் அதன் மூன்றாம் இசை அதிர்வெண் (மும்மடங்கு ஹார்மோனிக்) சரியாக 10.368 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. அதை, சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர் வழியாகச் சிறிய டபிள்யூஆர்-90 வேவ்கைடு (அலையைக் கடத்தும் செவ்வக உலோகக் குழாய்) துண்டுக்குக் கொடுங்கள். அந்தக் குழாயின் வெட்டு அதிர்வெண் 6.56 கிகாஹெர்ட்ஸ் என்பதால் 3.456 கிகாஹெர்ட்ஸ் அதனுள் நுழையவே முடியாது. தனி வடிகட்டி தேவைப்படாது. 6.912 கிகாஹெர்ட்ஸில் உள்ள இரண்டாம் இசை ஓரளவு கசியும். அதை ரிசீவர் பொருட்படுத்தாது. 10.525 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எச்பி100 டாப்ளர் பலகையையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது வெப்பத்துக்கு ஏற்ப அதிர்வெண்ணிலும் திறனிலும் நகர்ந்துகொண்டே இருக்கும். அவசரத்துக்கு உதவுமே தவிர அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேவ்கைடின் திறந்த வாயையே ஆன்டெனாவாக வைத்துக்கொள்ளலாம். அதிக ஈட்டமுள்ள ஹார்னை (புனல் வடிவ ஆன்டெனாவை) ட்ரோனில் மாட்டும் ஆசையைத் தவிர்த்துவிடுங்கள். ஐம்பது டிகிரி அகலக் கற்றையுள்ள மூலம் 5 டிகிரி சாய்ந்தால் 0.12 டெசிபெல்தான் குறையும். 10 டிகிரி சாய்ந்தால் அரை டெசிபெல் போய்விடும். காற்றை எதிர்த்து நிற்கும் ட்ரோன் 10 டிகிரி சாய்வது சர்வ சாதாரணம். ஆகவே மூலத்தைக் கேமரா கிம்பலில் (ட்ரோன் சாய்ந்தாலும் கேமராவை நிலையாக வைக்கும் தாங்கியில்) பொருத்தி, 25 டிகிரி கீழ்நோக்கி டிஷ்ஷைப் பார்க்கும்படி வைப்பது நல்லது. கயிற்றில் தொங்கவிடுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஊஞ்சல் போல ஆடும் மூலத்தின் இடத்தை எந்த ஜிபிஎஸ்ஸாலும் சொல்ல முடியாது.

மூலத்தைக் கட்டும்போது எளிதில் கண்ணில் படாத மூன்று இடர்கள் உண்டு. முதலாவது, திரும்பி வரும் அலையைத் தடுக்க வைக்கும் ஃபெரைட் ஐசொலேட்டர். அதன் உள்ளே நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. அதைத் திசைகாட்டிக்கு அருகில் வைத்தால் ட்ரோன் தன் முகத்திசையைத் தவறாகக் கணித்து வட்டமிடத் தொடங்கும். அதற்குப் பதில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டரே பொருந்தாமைப் பிரதிபலிப்பை அடக்கிவிடும். நமக்குத்தான் திறன் தாராளமாக இருக்கிறதே. இரண்டாவது, கார்பன் கால்கள். அவை நுண்ணலையை உலோகம் போலவே தெறிக்கவிடுவதால், மூலத்தின் பார்வைப் பாதையில் காலோ இறக்கையோ குறுக்கிடாதவாறு அதைக் கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். மூன்றாவது, வெப்பம். தரையில் வெயிலில் சூடாகி நிற்கும் பலகை, மேலே போனதும் இறக்கைக் காற்றில் சட்டெனக் குளிர்ந்து திறனை மாற்றிக்கொள்ளும். தெர்மக்கோல் பெட்டிக்குள் வைத்து, பறக்கும் முன் கால் மணி நேரம் ஓடவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும்.

தரையில் உள்ள ரிசீவர்

செயற்கைக்கோள் டிவிக்கான எல்என்பியில் 9.75 கிகாஹெர்ட்ஸ் உள் ஆசிலேட்டர் இருப்பதால், இரண்டின் வித்தியாசமான 618 மெகாஹெர்ட்ஸாக நம் சிக்னல் வெளிவரும். கணினியில் செருகும் சிறு ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளால் அதை நேரடியாகப் படிக்கலாம். 13 வோல்ட் கொடுத்தால் ஒரு துருவம் (அலையின் மின்புலம் அதிரும் திசை), 18 வோல்ட் கொடுத்தால் அதற்குச் செங்குத்தான துருவம் என்பதை மறக்க வேண்டாம். எல்என்பியின் ஈட்டம் ஏறக்குறைய 55 டெசிபெல் இருக்கும் என்பதால், அதற்கும் டாங்கிளுக்கும் இடையே 20 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றை வையுங்கள். எல்என்பிக்கு மின்சாரம் செலுத்தும் பையஸ்-டீயை அட்டெனுவேட்டருக்கு முன்னால், எல்என்பியின் பக்கமாக வைக்க வேண்டும்.

தானியங்கி ஈட்டக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுவது கட்டாயம். அது இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் பதிவது ஆன்டெனாவின் வடிவத்தை அல்ல, மென்பொருள் அந்த வடிவத்தை மறைக்க எடுக்கும் முயற்சியை. அதன் பிறகு நேர்கோட்டுத் தன்மையைச் சோதியுங்கள். சிக்னல் உச்சத்தில் இருக்கும்போது எல்என்பிக்குப் பின்னால் 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் சேர்த்தால், திரையிலும் சரியாக 10 டெசிபெல் குறைய வேண்டும். 9 டெசிபெல் மட்டுமே குறைந்தால் டாங்கிள் தாங்கும் அளவைச் சிக்னல் தாண்டி, அது நிரம்பிவிட்டது என்று பொருள். அடுத்து, அதே அட்டெனுவேட்டரை ட்ரோனில் உள்ள மூலத்தில் சேர்த்துப் பாருங்கள். அங்கேயும் 10 டெசிபெல் குறைந்தால்தான் எல்என்பி நிரம்பவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் மூலத்தின் திறனைக் குறைப்பதே சரியான வழி.

எல்என்பியின் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே இங்கே 10 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். எனவே நிலையான குறுகிய வடிகட்டி பயன்படாது. 50 கிலோஹெர்ட்ஸ் அகலச் சாளரத்தில் உச்சத்தைத் தேடி, அதைச் சுற்றியுள்ள ஓரிரு கிலோஹெர்ட்ஸின் திறனைக் கூட்டி, நொடிக்குப் பத்து முறை நேரக்குறியுடன் பதியும் சிறு நிரல் எழுதிக்கொள்ளுங்கள். டாப்ளர் பற்றிக் கவலை வேண்டாம்; நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நேராக டிஷ்ஷை நோக்கி வந்தாலும் அது 35 ஹெர்ட்ஸ்தான்.

இடமும் நேரமும்

90 செ.மீ. டிஷ்ஷின் அரைத்திறன் கற்றை அகலம் ஏறக்குறைய 2.25 டிகிரி. 80 மீட்டர் தள்ளி அது வானத்தில் 3.1 மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம்தான். சாதாரண ஜிபிஎஸ்ஸில் 1.5 மீட்டர் பிழை வந்தால் அதுவே 1.07 டிகிரி, கற்றையில் பாதி. உயரத்துக்கு அழுத்தமானியை நம்பினால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் காற்றழுத்தம் 0.1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே உயரக் கணக்கு 80 செ.மீ.க்கு மேல் தவறும். ஆகவே தரையில் ஒரு தள நிலையத்தை வைத்து ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் ஆர்டிகே வசதி இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. 2 செ.மீ. துல்லியம் கிடைத்தால் கோணப் பிழை 0.015 டிகிரிக்குள் அடங்கிவிடும். அதன் பிறகு இடத்தைப் பற்றி நினைக்கவே தேவையில்லை.

ஆர்டிகே தள நிலையத்தை டிஷ்ஷுக்கு அருகிலேயே வைத்து, இரண்டுக்கும் இடையிலான கிழக்கு, வடக்கு, உயரத் தொலைவுகளை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ட்ரோனின் மேலே உள்ள ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் கீழே உள்ள வேவ்கைடு வாய்க்கும் இடையே 25 செ.மீ. இருந்தால் அதுவும் 0.18 டிகிரிக்குச் சமம். அதைக் கழிக்க வேண்டும்.

நேரத்தை ஒத்திசைப்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். என் முதல் அளவீட்டில், ட்ரோன் இடமிருந்து வலமாகப் போகும்போது கற்றையின் உச்சி ஓரிடத்திலும், வலமிருந்து இடமாக வரும்போது 0.7 டிகிரி தள்ளி வேறோரிடத்திலும் விழுந்தது. ஃபீட் தளர்ந்து ஆடுகிறது என்று எண்ணி, நான்கு திருகுகளையும் கழற்றி மாட்டினேன். ஃபீட் தாங்கிக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தேன். எதற்கும் அந்த 0.7 டிகிரி அசையவில்லை. மாலையில் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. 80 மீட்டரில் 0.7 டிகிரி என்பது ஒரு மீட்டர். ட்ரோனின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். போகும்போது அரை மீட்டர், வரும்போது அரை மீட்டர். மடிக்கணினியின் கடிகாரம் ஜிபிஎஸ் நேரத்திலிருந்து அரை நொடி பிந்தியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக ஒரே கோட்டில் போய் வந்து, இரண்டு உச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் வரை நேர விலகலைத் திருத்திய பிறகே மற்றதைத் தொடுகிறேன். கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று நம்புவதைவிட இந்தச் சோதனை மேலானது, ஏனெனில் டாங்கிளின் பதிவுத் தாமதத்தையும் இதுவே சேர்த்துக் காட்டிவிடும்.

பறக்கவிடுதல்

விடிந்ததும் வேலையைத் தொடங்குவது நல்லது. காற்று அடங்கியிருக்கும், வெப்பக் காற்றோட்டம் எழுந்திருக்காது, ட்ரோன் குறைவாகவே சாயும். மிஷன் பிளானர் போன்ற மென்பொருளில் பாதையை முன்கூட்டியே வகுத்துவிடுங்கள். கையால் ஓட்டி நேர்கோட்டைப் பிடிக்க முடியாது.

முதலில் டிஷ்ஷின் உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். ட்ரோனை 25 டிகிரிப் புள்ளியில் நிறுத்திவைத்து, டிஷ்ஷைக் கையால் மெல்லத் திருப்பி, சிக்னல் அதிகமாகும் இடத்தில் இறுக்கிவிடுங்கள். அதன் பிறகு அளவீடு முடியும் வரை டிஷ்ஷைத் தொடக்கூடாது. கம்பத்தில் சாய்ந்துகூட நிற்கக்கூடாது. டிஷ்ஷைச் சுழற்றி ட்ரோனை நிலையாக நிறுத்தும் மாற்று முறையும் உண்டு. நல்ல ரோட்டேட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது எளிது என்றாலும், டிஷ் சாயும்போது அதன் சொந்த எடையால் வளைவதும் அளவீட்டில் கலந்துவிடும். டிஷ் அசையாமல் ட்ரோன் நகர்வதையே நான் விரும்புகிறேன்.

கற்றையின் மையத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 5 டிகிரி பரப்பை அளக்க, 14 மீட்டர் நீளமும் 14 மீட்டர் உயரமும் கொண்ட சதுரத்தை, டிஷ்ஷை நோக்கிய செங்குத்துத் தளத்தில், 0.7 மீட்டர் இடைவெளியில் 21 வரிசைகளாகப் பறக்க வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நேரம் மட்டும் ஐந்து நிமிடம். திருப்பங்களையும் சேர்த்தால் ஏழு நிமிடத்துக்குள் முடிந்து, ஒரே பேட்டரியில் அடங்கிவிடும். நொடிக்குப் பத்து பதிவுகள் என்றால் பதிவுக்கும் பதிவுக்கும் இடையே 0.07 டிகிரிதான். தொலைவில் உள்ள பக்கக் கற்றைகள் வேண்டுமானால், 80 மீட்டர் ஆரத்தில் டிஷ்ஷைச் சுற்றிய நீண்ட வில்லாகத் தனியே பறந்து கொள்ளுங்கள். அப்போது ட்ரோனின் முகமும் எப்போதும் டிஷ்ஷை நோக்கியே திரும்பியிருக்க வேண்டும்.

தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அதே உச்சிப் புள்ளிக்குத் திரும்பி, பத்து நொடி நின்று பதிவு செய்யுங்கள். மூன்று மதிப்புகளும் 0.2 டெசிபெல்லுக்குள் ஒத்துப்போனால் அந்தப் பறத்தலை ஏற்கலாம். அரை டெசிபெல்லுக்கு மேல் விலகினால் மூலமோ ரிசீவரோ நகர்ந்துவிட்டது. திருத்திக் கொள்ளலாம் என்று நினைக்காமல் மறுபடியும் பறப்பதே நேர்மை.

5.76 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பல ட்ரோன்களின் வீடியோ இணைப்பு 5.8 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதை அணைத்துவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் மட்டும் பறக்க வேண்டும்.

கோணமாக மாற்றுதல்

ஒவ்வொரு பதிவுக்கும் டிஷ்ஷிலிருந்து ட்ரோனின் கிழக்கு, வடக்கு, உயர விலகல்களைக் கணக்கிட்டு, அவற்றிலிருந்து திசைக் கோணத்தையும் ஏற்றக் கோணத்தையும் பெறுங்கள். தூரம் 80 மீட்டரிலிருந்து மாறியிருந்தால் அதற்கான திருத்தத்தைச் சேருங்கள். 78 மீட்டருக்கு அது 0.22 டெசிபெல். கிம்பல் இல்லாத ட்ரோனாக இருந்தால், பதிவான சாய்வுக் கோணத்தைக் கொண்டு மூலத்தின் கற்றை இழப்பையும் திருத்த வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. திசைக் கோண வித்தியாசத்தை ஏற்றக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால்தான் வானத்தில் உள்ள உண்மையான கோணம் கிடைக்கும். 25 டிகிரியில் அந்தக் கோசைன் 0.906. பெருக்க மறந்தால் 2.25 டிகிரிக் கற்றை கிடைத்தளத்தில் 2.48 டிகிரியாகத் தெரியும். டிஷ் நீள்வட்டமானது, ஆகவே கற்றையும் அப்படித்தான் இருக்கும் என்று நாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு திருப்தியடைந்துவிடுவோம்.

முழுக் கணக்கையும் சரிபார்க்கச் சூரியன் உதவும். அதன் இடம் எந்த நொடியிலும் துல்லியமாகத் தெரியும், அதன் விட்டம் அரை டிகிரிதான், 90 செ.மீ. டிஷ்ஷில் அதன் இரைச்சல் பல டெசிபெல் உயர்ந்து தெரியும். ட்ரோன் அளவீடு முழுவதும் முடிந்த பிறகு, சூரியன் 25 டிகிரி உயரத்தைக் கடக்கும் நேரத்தில் டிஷ்ஷைத் திசையில் மட்டும் திருப்பிக் காத்திருந்து, இரைச்சல் உச்சம் எந்த ஏற்றக் கோணத்தில் வருகிறது என்று பாருங்கள். ட்ரோன் சொன்ன உச்சியும் சூரியன் சொல்லும் உச்சியும் கால் டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும்.

ஈட்டம்

கெயின் என்று நாம் அன்றாடம் சொல்லும் ஈட்டத்தை நேரடியாகக் கணக்கிடாமல், ஈட்டம் தெரிந்த ஒரு ஹார்னுடன் ஒப்பிட்டு அறிவதே பாதுகாப்பானது. இதற்கு வேவ்கைடு வாயுள்ள எல்என்பி வேண்டும். அதே எல்என்பியை டிஷ்ஷின் ஃபீடிலும் ஹார்னிலும் மாற்றி மாற்றிப் பொருத்த முடிய வேண்டும். ட்ரோன் உச்சிப் புள்ளியில் நிற்க, டிஷ்ஷில் ஒரு பதிவு, பக்கத்திலேயே ட்ரோனை நோக்கி வைத்த 20 டெசிபெல் ஹார்னில் ஒரு பதிவு. வித்தியாசம் 16.9 டெசிபெல் என்றால் டிஷ்ஷின் ஈட்டம் 36.9 டெசிபெல். இந்த அளவு டிஷ்ஷுக்கு இழப்பே இல்லாத நிலையில் 39.8 டெசிபெல் வரவேண்டும் என்பதால், அதன் செயல்திறன் 51 சதவீதம் என்று ஆகிறது. சாதாரண ஃபீடுக்கு அது நியாயமான எண்தான்.

இந்த ஒப்பீட்டில் பலவீனமான உறுப்பு டிஷ் அல்ல, ஹார்ன். டிஷ் தெறிப்பலையைத் தள்ளிவிடுகிறது. ஹார்னுக்கு அந்த அளவு வலிமை இல்லை. 52 டிகிரி தள்ளி வரும் அலையை அது 20 டெசிபெல் அளவுக்கே குறைத்தால், ஹார்னின் பதிவு மட்டும் 0.9 டெசிபெல் வரை ஆடும். அந்தப் பிழை அப்படியே டிஷ்ஷின் ஈட்டத்தில் போய் உட்காரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஹார்னைத் தாங்கியில் 1 செ.மீ. வீதம் உயர்த்தி, 7 செ.மீ. உயரும் வரை ஒவ்வொரு நிலையிலும் பதிவு செய்யுங்கள். நம் கோணங்களில் நேரலையும் தெறிப்பலையும் சேர்ந்தும் எதிர்த்தும் வரும் ஒரு முழுச் சுற்று 3.3 செ.மீ.க்குள் முடிந்துவிடும். பதிவுகள் அலைபோல் ஏறி இறங்கினால் தெறிப்பலை இருக்கிறது. இரண்டு சுற்றுகளின் சராசரியை எடுத்துக்கொண்டால் பிழையின் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். தெறிப்பு நிகழும் இடம் ஹார்னுக்கு முன்னால் ஏறக்குறைய 3 மீட்டரில் இருக்கிறது. அந்த இடத்தில் சிமென்ட் தளமோ தகரமோ இல்லாமல் புல்லும் புதருமாக இருந்தால் இன்னும் நல்லது.

குறுக்குத் துருவத்தை, அதாவது டிஷ் தன் துருவத்துக்குச் செங்குத்தான துருவத்தில் எவ்வளவு வாங்குகிறது என்பதை, அளக்க விரும்புகிறவர்கள் மூலத்தைச் சரியாக 90 டிகிரி திருப்ப வேண்டும். ட்ரோன் பக்கவாட்டில் 3 டிகிரி உருண்டாலே மைனஸ் 25.6 டெசிபெல்லுக்குக் கீழே எதையும் காண முடியாது. 1 டிகிரிக்கு மைனஸ் 35. கிம்பல் இல்லாமல் இந்த அளவீட்டைச் செய்வது வீண்.

வரைபடத்தைப் படித்தல்

நல்ல டிஷ்ஷின் வெட்டுப்படத்தில் (கற்றையின் குறுக்கே ஒரே கோட்டில் பறந்து வரைந்த படத்தில்) பிரதானக் கற்றைக்கு இருபுறமும் கூர்மையான பள்ளங்கள் இருக்கும். முதல் பக்கக் கற்றைகள் உச்சியிலிருந்து 20 டெசிபெல்லுக்கு மேல் தாழ்ந்திருக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கும். ஒரு பக்கக் கற்றை மட்டும் எழும்பி, மறுபக்கத்தது அமுங்கியிருந்தால், ஃபீட் பக்கவாட்டில் விலகியிருக்கிறது. கற்றையும் ஃபீட் விலகிய திசைக்கு எதிர்த்திசையில் நகர்ந்திருக்கும். குவியத் தூரம் 54 செ.மீ. உள்ள டிஷ்ஷில் ஃபீட் 5 மி.மீ. நகர்ந்தால் கற்றை ஏறக்குறைய அரை டிகிரி நகரும்.

இரண்டு பள்ளங்களும் ஒருசேரத் தூர்ந்து, பக்கக் கற்றைகள் பிரதானக் கற்றையின் தோள்களைப் போல ஒட்டிக்கொண்டிருந்தால், ஃபீட் டிஷ்ஷுக்கு மிக அருகிலோ மிகத் தொலைவிலோ இருக்கிறது. ட்ரோன் போதிய தூரத்தில் இல்லாதபோதும் இதே உருவம்தான் வரும். எனவே ஃபீடை நகர்த்தும் முன், ட்ரோனை 110 மீட்டருக்குத் தள்ளி ஒரே ஒரு வெட்டைப் பறந்து பாருங்கள். தோள்கள் அப்படியே இருந்தால் குறை ஃபீடில் இருக்கிறது. ஃபீடை 5 மி.மீ. முன்னாலோ பின்னாலோ நகர்த்தி, நகர்த்திய தூரத்தை அளவுகோலால் அளந்து பதிவுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டு, மீண்டும் பறக்கவும். நான்கைந்து நிலைகளில் எடுத்த வெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால், உச்சி உயர்வதும் பள்ளங்கள் ஆழமாவதும் ஒரே ஃபீட் நிலையில் சேர்ந்து நிகழ்வதைக் காண்பீர்கள். அந்த நிலையில் திருகுகளை இறுக்கி, ஃபீட் குழாயின் மேல் ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள்.